வழிநடத்துபவர் கழித்தல் நடத்துபவர்

குடிநீர் அலுவலகத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். இவர்களில் தலைவர் யார், மேலாளர் யார் என்ற கேள்வி அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து யாருக்கும் எழுந்ததில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் அப்படியொரு கேள்விக்கு அவசியமும் ஏற்படவில்லை.

அவசியத்தை ஏற்படுத்தியவர் இயக்குநர். தலைமைப் பண்புப் பயிற்சிக்கென்று மேலிடம் அவரை ஆறு நாள் அனுப்பிவைத்தது. போகும்போது சாதாரண இயக்குநராகத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு நீல அட்டைக் கோப்பும் முகத்தில் ஒரு புன்னகையும் இருந்தன. புன்னகை மதியச் சாப்பாட்டின்போதுகூட இறங்கவில்லை. வந்த அன்றே தச்சரைக் கூப்பிட்டுத் தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார். தலைவரின் கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டுமாம். கழற்றிய கதவை வைக்க இடமில்லாமல் பதிவறை வாசலில் சாத்தி வைத்தார்கள். அதனால் பதிவறை மூடிக்கொண்டது.

இதையெல்லாம் கண்காணிப்பாளர் தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடச் சர்வீஸ். அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயது மூத்த இயக்குநரும் அப்படித்தான். எந்தக் கோப்பு எங்கே தூங்குகிறது, எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எந்த வால்வு அரைச் சுற்றுக்கு மேல் திருகினால் அடம் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு இப்போது கதவைப் பற்றிக் கவலையில்லை. கதவில்லாத அந்த அறையில், இயக்குநரின் மேசைத் தட்டில், அவருடைய விடுப்பு விண்ணப்பம் கிடந்தது. அதுதான் அவர் கவலை.

மகளுக்குத் தலைப்பிரசவம். பதினெட்டாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் இருக்கும் ஊர் பஸ்ஸில் எட்டு மணி நேரம். மருமகன் நல்ல பிள்ளைதான். ஆனால் வெந்நீர் வைக்கவே போன் போட்டு யோசனை கேட்கிற ரகம். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடமாகிறது. மகளுக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை. பதினான்காம் தேதியிலிருந்து பத்து நாள் ஈட்டிய விடுப்பு, அவ்வளவுதான் அக்கா கேட்டது. ஒரு கையெழுத்து. பழைய இயக்குநராக இருந்திருந்தால் டீ ஆறுவதற்குள் போட்டிருப்பார்.

மறுநாள் கூட்டம். நாற்காலிகளை அகற்றிவிட்டு நின்றுகொண்டே நடத்தினார்கள். உட்கார்ந்தால் சிந்தனை மடங்கிவிடும் என்று பயிற்சியில் சொன்னார்களாம்.

"ஒரே கேள்விதான். நான் தலைவரா, மேலாளரா?" என்றார் இயக்குநர்.

பண்டகக் காப்பாளர் பேந்தப் பேந்த விழித்தார். "நீங்க இயக்குநருங்க ஐயா."

"அது பதவி. நான் கேக்கிறது தன்மை."

தன்மையைப் பற்றி யாரிடமும் தகவல் இல்லை. இயக்குநர் நீலக் கோப்பைத் திறந்து மேலிடத்துச் சுற்றறிக்கையை வாசித்தார். "மேலாளர் என்பவர் நடத்துபவர். தலைவர் என்பவர் வழிநடத்துபவர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அனைத்து அலுவலகங்களும் கண்டறிந்து, தத்தம் பணியாளர்களை இரு வகையாகப் பிரித்து, முப்பது நாட்களுக்குள் அறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகின்றன."

எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். அப்போது வரைபடக்காரர் கையைத் தூக்கினார். குழாய் வரைபடங்கள் வரைகிறவர். கணக்கில் கெட்டி என்று பெயர். நேராகப் போர்டுக்குப் போய், மேலே 'வழிநடத்துபவர்' என்று எழுதினார். கீழே 'நடத்துபவர்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டார்.

"ரெண்டுலயும் பொதுவா இருக்கிறதை அடிச்சிடலாம் ஐயா" என்று 'நடத்துபவர்' இரண்டையும் அடித்தார். "மிச்சம் 'வழி'. அதுதான் வித்தியாசம்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆறு நாள். அஞ்சு நிபுணர்கள். ஒருத்தர்கூட இதை எங்களுக்கு இவ்வளவு தெளிவா சொல்லலையே!" என்று வரைபடக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அக்கா மெதுவாக, "ஐயா, என் லீவு..." என்றார்.

"வர்றேன் அக்கா. முதல்ல வழி எங்க இருக்குன்னு பார்த்துடுவோம்."

வழி எங்கே இருக்கிறது என்று கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு அளவு நாடாவுடன் கிளம்பி நான்கு நாள் கட்டடத்தைச் சுற்றியது. அறிக்கை பதினோரு பக்கம். சாரம் இதுதான்: கட்டட வரைபடத்தில் 'வழி' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, நடைவழி. நீளம் முப்பத்தொரு மீட்டர், அகலம் இரண்டே கால். 'ஆகவே இவ்வலுவலகத்தைப் பொறுத்தவரை தலைமையானது தரைத்தளத்தில், வாசலுக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது எனத் தெரியவருகிறது.' அந்த வரைபடத்தை வரைந்தவரும் குழுவில் இருந்ததால் மறுத்துப் பேச ஆளில்லை.

அடுத்தது படிவம். தலைவர் படிவம் அரைப் பக்கம். 'நான் தலைவர் என உணர்கிறேன்' என்று ஒரு வரி, ஒரு கட்டம், அதில் ஒரு டிக். மேலாளர் படிவம் பதினான்கு பக்கம். அதில் கடமைகள் அ முதல் ஔ வரை எழுதப்பட்டு, இடம் போதாமல் இணைப்பாகவும் தொடர்ந்தன. யார் எதை எடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இயக்குநரில் தொடங்கி வாசல் காவலர் வரை இருபத்திரண்டு பேரும் தலைவர் என உணர்ந்தார்கள். சிலர் படிவத்தைப் படிக்காமலேயே உணர்ந்தார்கள்.

அக்காவும் தலைவர் படிவத்தைத்தான் எடுத்தார். லீவு கிடைத்தால் போதும், எந்தப் பெயரில் கிடைத்தால் என்ன? ஆனால் படிவங்களை வாங்கி அடுக்கும் வேலை வழக்கம்போல அவர் தலையில் விழுந்தது. வால்வுக்காரர் தேதிக் கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். பண்டகக் காப்பாளர் போன வருடத்தைப் போட்டிருந்தார். வரைபடக்காரர் டிக்கைக் கட்டத்துக்கு வெளியே போட்டுவிட்டு அம்புக்குறி வரைந்திருந்தார். அக்காவின் கை சும்மா இருக்கவில்லை. சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, இருபத்திரண்டு கையெழுத்தையும் போட்டுத் தொலைத்தார்.

இயக்குநர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "என்னக்கா இப்படி பண்ணிட்டீங்க?"

"தப்பா இருந்துச்சுங்க ஐயா. திருத்தினேன்."

"அதைத்தான் சொல்றேன். பதினேழாம் பத்தியைப் பாருங்க. பிழையைக் கண்டுகொள்பவர் மேலாளர். பிழையைக் கடந்து பார்ப்பவர் தலைவர். நீங்க இருபத்திரண்டு தடவை கண்டுகொண்டிருக்கீங்க. நானே நினைச்சாலும் உங்களைக் காப்பாத்த முடியாது."

இப்படியாக அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு தலைவர்களும் ஒரு மேலாளரும் உண்டானார்கள். உயர்ந்த விகிதம் என்று மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, கோப்பில் கட்டியவர் அக்காதான்.

தலைமை நடைவழியில் இருப்பதால் தலைவர்களும் அங்கேதானே இருக்க வேண்டும்? இருபத்திரண்டு மேசைகளும் நடைவழிக்கு வந்தன. பின்னால் இருந்த பெரிய கூடத்தில் அக்காவும் மின்விசிறியும் மட்டும் மிஞ்சினார்கள். மேசைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தது. ஒல்லியானவர்கள் பக்கவாட்டில் நடந்து உள்ளே வரலாம். தண்ணீர்ப் புகாரோடு வருகிறவர்கள் இடித்துக்கொண்டே நடந்ததால் சிந்தனை கலைகிறது என்று தலைவர்கள் குறைப்பட்டார்கள். உடனே வாசலில் ஒரு பலகை மாட்டப்பட்டது.

'இது தலைவர்கள் உள்ள வழி. பொதுமக்கள் வேறு வழியைப் பார்த்துக்கொள்ளவும்.'

பலகையை மதிக்காமல் முதலில் நுழைந்தவர் சலவைக் கடைக்காரி. அவர் கடை வாசலில் குழாய் உடைந்து மூன்று வாரம். தண்ணீர் இல்லாமல் சலவைக் கடை நடத்துவது எப்படி என்று அவரும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதல் மேசையில் இயக்குநர் புன்னகையோடு வரவேற்றார்.

"வாங்கம்மா. தண்ணீரைப் பத்தி உங்க கனவு என்ன?"

"கனவெல்லாம் இல்லைங்க. பைப்பு உடைஞ்சிருக்கு."

"பிரச்சினையைப் பார்க்காதீங்க. அதுக்குள்ள இருக்கிற வாய்ப்பைப் பாருங்க."

"வாய்ப்பு பூரா ரோட்டுல ஓடுதுங்க. யாராவது வந்து அடைச்சா புண்ணியமாப் போகும்."

இயக்குநர் அவரை இரண்டாவது மேசைக்கு வழிநடத்தினார். இரண்டாவது மேசை மூன்றாவதுக்கு. பதினொன்றாவது மேசையில் குழாய்ப் பழுது பார்ப்பவர் இருந்தார். உடைப்பை அடைக்கிற ஒரே ஆள். அவர் எழுந்து நின்று கைகுலுக்கி, மனத் தடைகளை உடைப்பது எப்படி என்று கால் மணி நேரம் பேசினார். சலவைக் கடைக்காரி இருபத்திரண்டு மேசைகளையும் கடந்து கூடத்துக்குள் வந்து விழுந்தபோது முந்நூறு துணியைத் துவைத்தவர் போல மூச்சு வாங்கினார்.

"உக்காருங்க" என்று அக்கா தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "எந்த இடத்துல உடைஞ்சிருக்கு? ஜாயிண்ட்லயா, நடுவுலயா?"

சலவைக் கடைக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த ஆபீஸ்ல பைப்பைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

அக்கா புகாரை எழுதிக்கொண்டார். எண் 417. அடைக்க ஆள் அனுப்ப வேண்டும். ஆளோ பதினொன்றாவது மேசையில் மனத் தடைகளை உடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கெஞ்சியும் அசையவில்லை. புகார் 417 மேசையின் இடது மூலையில் உட்கார்ந்துகொண்டது.

வால்வுக்காரர் கதை இன்னும் மோசம். தினமும் காலை ஆறு மணிக்கு வால்வுகளைத் திறப்பது அவர் வேலை. ஒரு நாள் ஆறே காலுக்கு அக்காவுக்குப் போன் வந்தது, தண்ணீர் வரவில்லை என்று. அடித்துப் பிடித்து வால்வடிக்கு ஓடினால், வால்வுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். நன்றாகத் தலை வாரியிருந்தார்.

"ஏன்பா திறக்கல?"

"திருகுறது மேலாண்மையாம் அக்கா. எந்தப் பக்கம் திருகணும்னு கை காட்டுறதுதான் தலைமையாம். இயக்குநர் ஐயா தெளிவா சொல்லிட்டாரு." சொல்லிவிட்டு இடது பக்கம் கையைக் காட்டினார்.

"இருபது வருஷமா நீ திருகுன வால்வுப்பா இது."

"அதான் அக்கா, கை காட்டுறதுல எனக்கு அனுபவம் அதிகம்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா சக்கரத்தைத் திருகினார், வால்வுக்காரர் கை காட்டினார். ஒரு வாரத்தில் அக்காவின் உள்ளங்கை காய்த்துப் போனது. வால்வுக்காரருக்கும் தோள் வலி வந்ததாகச் சொன்னார்கள்.

தேதி எட்டாகிவிட்டது. அக்கா விடுப்பு விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, பதினாலாம் தேதி நான் கிளம்பணும். மகளுக்குப் பிரசவம். ஒரு கையெழுத்து."

"அக்கா, சந்தோஷமான விஷயம்! ஆனா விடுப்பு அனுமதிக்கிறது நிர்வாகம். நான் கையெழுத்துப் போட்டா மேலாளர் ஆயிடுவேன். வேணும்னா லீவு எடுக்கச் சொல்லி உங்களை ஊக்கப்படுத்தறேன்."

"ஊக்கம் நிறைய இருக்குங்க ஐயா. அனுமதிதான் இல்லை."

"அனுமதியை மேலாளர்கிட்ட கேளுங்க."

"மேலாளர் நான்தாங்க."

"அப்போ பிரச்சினையே இல்லையே! நீங்களே..." என்று தொடங்கி இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புன்னகை அரை அங்குலம் இறங்கியது. "தன் விடுப்பைத் தானே அனுமதிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"வேற வழி இல்லையா ஐயா?"

"வழியெல்லாம் எங்ககிட்டதான் இருக்கு" என்றார் இயக்குநர், தன் மேசையைத் தட்டிக் காட்டி. "ஆனா இது உரிய வழியா வரலை. நீங்க நேரா வந்துட்டீங்க. கடைசி மேசையிலிருந்து ஒவ்வொண்ணா வரணும்."

அக்கா கடைசி மேசைக்குப் போய்த் தொடங்கினார். இருபத்திரண்டு பேரும் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள். தாய்மையைப் பற்றி நெகிழ்ந்து பேசினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேனாவை ஒருத்தரும் தொடவில்லை. அன்று மாலை அக்கா கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுதார். இருபத்தாறு வருடத்தில் அலுவலகத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்துவிட்டு மறுநாளுக்கான வால்வுச் சீட்டை எழுதினார்.

பத்தாம் தேதி மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. பன்னிரண்டாம் தேதி மதிப்பீட்டாளர் வருகிறார். ஒவ்வொரு தலைவரும் தமக்குப் பின்னால் வருபவர் குறைந்தது ஒருவரையாவது நேரில் காட்ட வேண்டும். தவறினால் தலைமை ரத்து.

நடைவழியில் பீதி கிளம்பியது. பண்டகக் காப்பாளர் வரைபடக்காரரிடம், "ஒரு நிமிஷம் என் பின்னால வாங்களேன்" என்று கேட்டார். "வந்தா நான் தொண்டன் ஆயிடுவேன், நீங்க என் பின்னால வாங்க" என்றார் அவர். இருவரும் ஒருவரையொருவர் முந்த விடாமல் சுற்றிச் சுற்றி நடந்து கடைசியில் தலை சுற்றி உட்கார்ந்தார்கள். யோசித்துப் பார்த்ததில், அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பின்னால் போகத் தகுதியுள்ள ஆள் ஒருத்தர்தான் இருந்தார்.

இருபத்திரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள்.

"அக்கா, ஆளுக்கு எட்டு நிமிஷம். எங்க பின்னால நடந்தா போதும். பெரிய மனசு பண்ணுங்க. யார் பின்னால எப்போன்னு நீங்களே ஓர் அட்டவணை போட்டுடுங்க" என்றார் இயக்குநர்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடக்கிறேன். என் லீவுல யார் கையெழுத்துப் போடறாங்களோ அவங்க பின்னால நாள் பூரா நடக்கிறேன்."

வரைபடக்காரர் பேனாவைத் திறந்தேவிட்டார். முனை காகிதத்தில் படப்போகிற நேரத்தில் நின்றது. "ஆனா அக்கா, கையெழுத்துப் போட்டா நான் மேலாளர். மேலாளர் பின்னால நீங்க நடந்து எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று மூடிவிட்டார். தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி. நடைவழி பளபளத்தது. மிச்சமிருந்த ஓர் அடி இடைவெளியிலும் வரிசையாகப் பூந்தொட்டி வைத்தார்கள். மதிப்பீட்டாளர் எந்த நிமிடமும் வரலாம். பத்து நாற்பதுக்கு அக்காவின் போன் அடித்தது. மருமகன்.

"அத்தை, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்கு ஒண்ணும் புரியல அத்தை."

பின்னணியில் மகளின் குரல் கேட்டது. "அம்மா" என்ற ஒரே சொல். ஈட்டிய விடுப்பு, உரிய வழி, பதினேழாம் பத்தி எல்லாம் அந்த நொடியில் காற்றில் பறந்தன. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நடைவழிக்கு வந்தார்.

"வழி விடுங்க. நான் போகணும்."

இருபத்திரண்டு தலைகளும் திரும்பின. யாரும் மேசையை நகர்த்தவில்லை.

"அக்கா, வழியை விட்டுட்டா அப்புறம் நாங்க யாரு?" என்றார் இயக்குநர். குரலில் உண்மையான பயம் இருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்காலியில் கால் வைத்து, கடைசி மேசைமேல் ஏறினார். ஐம்பத்தாறு வயதில், முட்டிவலியோடு, ஒவ்வொரு மேசையாக நடக்கத் தொடங்கினார். பேனாக் குவளைகள் உருண்டன. தொலைநோக்குத் திட்டம் ஒன்றின்மேல் பெருவிரல் பதிந்தது. தலைவர்கள் தங்கள் டீக் கோப்பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக இயக்குநரின் மேசையிலிருந்து வாசலில் குதித்தபோதுதான் பண்டகக் காப்பாளர் அலறினார்.

"ஐயா! வருகைப் பதிவேடு! இன்னைக்கு அக்கா இன்னும் சுருக்கொப்பம் போடலை!"

பதிவேட்டில் அக்காவின் சுருக்கொப்பம் இல்லாவிட்டால் இருபத்திரண்டு பேரும் அன்றைக்கு வரவில்லை என்று அர்த்தம். மதிப்பீட்டு நாளில் தலைவர்கள் யாருமே அலுவலகம் வரவில்லை என்று ஆகிவிட்டால்? வரைபடக்காரர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூந்தொட்டிகளை உதைத்துக்கொண்டு மற்றவர்களும் ஓடினார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம்! அக்கா, என் பேருக்கு நேரா மட்டும்!"

"நிக்க நேரமில்லை. நடந்துக்கிட்டே போடறேன். ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க."

தெருவில் அக்கா முன்னால் நடந்தார். பின்னால் இருபத்திரண்டு பேர் ஒற்றை வரிசையில் வந்தார்கள். முன்னால் வந்தவர் பதிவேட்டை நீட்ட, அக்கா நடையை நிறுத்தாமல் கிறுக்கிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். சரியாக இந்த நேரத்தில் மதிப்பீட்டாளரின் வண்டி தெருமுனையில் திரும்பியது. அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இறங்கி நின்று எண்ணினார். பல வருடப் பணியில் இப்படியொரு காட்சியை அவர் கண்டதில்லை. 'முன்னால் ஒருவர். பின்னால் இருபத்திரண்டு பேர். அனைவர் முகத்திலும் ஏக்கம்' என்று குறித்துக்கொண்டார். கடைசிச் சுருக்கொப்பம் பஸ் படிக்கட்டில் விழுந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்து, "என்னம்மா, கையெல்லாம் இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு?" என்று கேட்டாள். "ஆபீஸ் வேலைடி" என்றார் அக்கா. அந்தக் கையால்தான் பேத்தியை முதலில் வாங்கினார். பத்து நாளும் அலுவலகத்தை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நினைத்ததாகச் சொன்னால் அது பொய்.

அந்தப் பத்து நாளும் வால்வுகள் அக்கா கடைசியாகத் திருகி வைத்த நிலையிலேயே இருந்தன. பாதித் தெருவுக்கு இரவும் பகலும் தண்ணீர், மீதித் தெருவுக்குச் சொட்டுக்கூட இல்லை. ஐம்பது சதவீத வெற்றி என்று அறிக்கை போனது.

திரும்பி வந்த அக்காவுக்கு அலுவலகம் அடையாளம் தெரியவில்லை. நடைவழி காலியாக இருந்தது. வாசலில் ஓர் ஆணை ஒட்டியிருந்தது. 'மதிப்பீட்டின்போது முன்னால் சென்றவர் ஒருவரே எனக் கண்டறியப்பட்டதால் அவரே இவ்வலுவலகத்தின் ஏகத் தலைவர். பின்னால் சென்ற இருபத்திரண்டு பேரும் மேலாளர்கள் ஆவர்.' மேலாளர்கள் இருபத்திரண்டு பேரும் அறைகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இயக்குநரின் கதவையும் தச்சர் திரும்ப மாட்டிவிட்டார். இனி எந்தக் காகிதம் நகரவும் இருபத்திரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அக்காவின் விடுப்பும் அந்தச் சுற்றில்தான் மாட்டிக்கொண்டது. தலைவர் விடுப்பில் போகலாம். ஆனால் போனபோது அவர் மேலாளர். இந்தச் சிக்கலை ஆராய ஒவ்வொரு மேலாளரும் ஒரு விளக்கம் கேட்டிருந்தார். இருபத்திரண்டு கையெழுத்தும் விழும்வரை அக்கா பணிக்குத் திரும்பியதாகக் கருத முடியாது. பதிவேட்டின்படி அவர் இன்னும் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நடைவழியின் நடுவே, வழியை அடைத்தபடி, அவருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். தலைமை நிலையானது என்பதால் நாற்காலியைத் தரையோடு திருகியிருந்தார்கள். அகலமான நாற்காலி, சாய்ந்தால் பஞ்சுபோல உள்ளே வாங்கிக்கொண்டது. மேசைமேல் கோப்பே இல்லை. முதல் நாள் அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய் வால்வைத் திருகலாமா என்று இரண்டு தடவை யோசித்தார். இரண்டாம் வாரம் யோசிக்கவில்லை. உள்ளங்கை ஆறிவிட்டது. பேத்தியின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு நாள் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சலவைக் கடைக்காரி. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையில் வாளியோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

அக்காவும் மலர்ந்துதான் வாயைத் திறந்தார். ஜாயிண்ட்லயா, நடுவுலயா என்றுதான் கேட்க நினைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"வாங்கம்மா. தண்ணீரைப் பத்தி உங்க கனவு என்ன?"

சலவைக் கடைக்காரி நின்ற இடத்திலேயே நின்றார்.

"கனவு வரணும்னா தூங்கணும்" என்றார். "தெருக்கோடியில போய்த் தண்ணி தூக்கறதுல, தூங்கி எத்தனையோ நாளாச்சு. கொஞ்சம் வழி விடுங்க, நான் உள்ள போய் யாரையாவது பார்க்கிறேன்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. நாற்காலியை நகர்த்தப் பார்த்தார். அது அசையவில்லை. எழுந்து விலகி நிற்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது; முட்டி வலித்தது. புகார் 417 எங்கே என்று கேட்கலாம் என்று தோன்றியது. அதற்கு இருபத்திரண்டு கதவைத் தட்ட வேண்டும்.

இதற்கு நடுவில் அக்காவின் கை, யாரும் சொல்லாமலே, தானாக உயர்ந்து வாசலில் இன்னும் தொங்கிய 'வேறு வழி' பலகையைக் காட்டியது.

சலவைக் கடைக்காரி திரும்பி அதைப் படித்தார். காலி வாளியோடு வந்த வழியே போனார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வால்வுக்காரர், அக்கா கை காட்டிய விதம் மிகவும் சரியாக இருந்தது என்று குறிப்பெழுதி, மற்ற இருபத்தொரு கையெழுத்துக்காக அடுத்த அறைக்கு அனுப்பினார்.